ஹனுக்காவுக்கு ஏன் உருளைக்கிழங்கு? ஒரு யூதப் பலகாரத்தின் கதை, கணக்கு, செய்முறை

லண்டன், நியூஜெர்சி, டெல் அவிவ் என்று எங்கோ இருக்கும் டீமோடு தினமும் கால் பேசுகிற வேலை உங்களுடையது என்றால், டிசம்பரில் ஒருநாள் சக ஊழியர் யாராவது "இன்னைக்கு ஹனுக்கா, வீட்டுல லாட்கே சுடணும்" என்று சொல்லிவிட்டு சீக்கிரமே லாக் அவுட் செய்திருப்பார். அது என்ன என்று தேடினால் ஒரு வரிப் பதில் கிடைக்கும்: யூதர்கள் தங்கள் விளக்குத் திருநாளில் சாப்பிடும் உருளைக்கிழங்கு அடை.

பதில் சரிதான். ஆனால் அதில் ஒரு கணக்கு உதைக்குது. ஹனுக்கா நினைவுகூரும் சம்பவம் நடந்தது கி.மு. 164-ல், எருசலேமில். உருளைக்கிழங்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்கு வரவே அதற்குப் பிறகு 1,700 வருஷத்துக்கு மேல் ஆனது. அப்படியிருக்க, இது எப்படி 'பாரம்பரிய' ஹனுக்கா பலகாரம் ஆனது?

பண்டிகை எதற்கு?

அலெக்சாண்டர் இறந்த பிறகு அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு பங்கு செலூக்கிய அரசு. யூதேயா அதன் கையில் இருந்தபோது, மன்னர் நான்காம் ஆண்டியோக்கஸ் கி.மு. 167 வாக்கில் யூத வழிபாட்டைத் தடை செய்து, எருசலேம் ஆலயத்தில் கிரேக்கக் கடவுளுக்குப் பலியிட வைத்தார். ஒரு குருக்கள் குடும்பம் கிளர்ச்சியில் இறங்கியது. மக்கபேயர் என்று வரலாறு சொல்வது இவர்களைத்தான். யூதா மக்கபேயுவின் படை ஆலயத்தைத் திரும்பப் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடியும் அர்ப்பணித்தது. 'ஹனுக்கா' என்ற எபிரேயச் சொல்லுக்கு அர்ப்பணம் என்றுதான் பொருள். தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு இந்தப் பண்டிகை வேறு பெயரில் ஏற்கெனவே அறிமுகம்: யோவான் 10-ம் அதிகாரத்தில் வருகிற 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' இதுதான்.

எண்ணெய் எங்கே வருகிறது? ஆலய விளக்கை ஏற்றப் போனபோது, தீட்டுப்படாத ஆலிவ் எண்ணெய் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது, அது ஒருநாளைக்குத்தான் காணும், ஆனால் எட்டு நாள் எரிந்தது என்பது கதை. இதைச் சொல்வது தல்மூத். சம்பவத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் எழுதப்பட்ட மக்கபேயர் நூல்களில் இந்த அற்புதம் இல்லவே இல்லை. தல்மூத் தொகுக்கப்பட்டதோ ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து. போர் வெற்றியைக் கொண்டாட ஆரம்பித்த பண்டிகை, யூதர்கள் நாடு இழந்து சிதறிய காலத்தில் ஒரு குப்பி எண்ணெயின் பண்டிகையாக மாறியது. இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் அடுப்பங்கரையில் நடப்பது எல்லாம் புரிந்துவிடும்.

முதல் இரவு ஒரு மெழுகுவர்த்தி, இரண்டாம் இரவு இரண்டு, எட்டாம் இரவு எட்டு. இந்த வரிசைக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. ஷம்மாய் என்ற அறிஞரின் தரப்பு, எட்டில் ஆரம்பித்து ஒன்றுக்கு இறங்க வேண்டும் என்றது. ஹில்லேல் தரப்பு, ஒன்றில் ஆரம்பித்து ஏறணும், புனிதத்தில் ஏறலாம், இறங்கக் கூடாது என்றது. ஜெயித்தது ஹில்லேல். எப்படிக் கூட்டினாலும் மொத்தம் 36 என்பது வேறு விஷயம். ஒவ்வொரு இரவும் மற்றவற்றை ஏற்றுவதற்கென்று ஷமாஷ் என்ற 'சேவகன்' மெழுகுவர்த்தி ஒன்று கூடுதல். ஆக 36 கூட்டல் 8, சமம் 44. கடையில் விற்கிற ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டியில் சரியாக 44 இருப்பது அதனால்தான்.

இதை 'யூதர்களின் தீபாவளி' என்று எழுத எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். மத ரீதியில் ஹனுக்கா ஒரு சின்னப் பண்டிகை. எபிரேய வேதத்தில் அது கிடையாது. ஷபாத் என்ற ஓய்வுநாள் போலவோ பஸ்கா போலவோ வேலைக்குத் தடை இல்லை; ஆபீஸ் போகலாம், கடை திறக்கலாம். அமெரிக்காவில் அது பெரிதானதற்கு முக்கியக் காரணம், கிறிஸ்துமஸ் பக்கத்தில் வருவது. ஊரே அலங்கார விளக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும்போது யூதப் பெற்றோர் மட்டும் சும்மா இருக்க முடியுமா?

எண்ணெய்தான் விஷயம்

பண்டிகை எண்ணெயைப் பற்றியது. ஆகவே எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவது. தர்க்கம் அவ்வளவுதான். எதைப் பொரிப்பது என்று எந்த விதியும் இல்லை. அதனால் யூதர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ அந்த ஊர்ப் பலகாரம் ஹனுக்கா பலகாரம் ஆனது. மொராக்கோவில் ஸ்ஃபெஞ்ச் என்ற ஓட்டை போட்ட உப்பல். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழியில் பிமுவெலோஸ், சர்க்கரைப் பாகு ஊற்றியது. இஸ்ரேலில் சுஃப்கானியா என்கிற ஜாம் அடைத்த டோனட். அது அங்கே பரவியதில் ஹிஸ்டாத்ருத் தொழிற்சங்கத்துக்குப் பங்கு உண்டு. 1920-களில் இதை அவர்கள் முன்னே தள்ளியதற்குக் காரணம் வேலைவாய்ப்பு. லாட்கேயை யார் வேண்டுமானாலும் வீட்டில் சுட்டுவிடலாம், டோனட்டுக்கு பேக்கரி வேணும், பேக்கரிக்கு ஆள் வேணும்.

நம் பக்கத்தில் கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்குச் செய்தது நெய்யப்பம். ஆமாம், அதே நெய்யப்பம்தான். மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் மக்கள் கதை இன்னும் சுவாரசியம். அவர்களிடம் பழைய காலத்தில் ஹனுக்காவே இருக்கவில்லை; வெளியூர் யூதர்களோடு தொடர்பு வந்த பிறகுதான் அது வந்தது. பண்டிகை உருவாவதற்கு முன்பே எங்கள் முன்னோர் கப்பலேறிவிட்டார்கள் என்பதற்கு இதையே அவர்கள் சான்றாகச் சொல்வதுண்டு.

லாட்கே, கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களுடையது. சொல் யித்திஷ் மொழியைச் சேர்ந்தது. உக்ரைனிய, ரஷ்ய மொழிகளில் சின்ன அடையைக் குறிக்கும் 'ஒலாட்கா'விலிருந்து வந்தது. அதை இன்னும் பின்னால் துரத்திப் போனால் ஆலிவ் எண்ணெயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் போய் நிற்கிறது. அதாவது பெயரிலேயே எண்ணெய் இருக்கு, உருளைக்கிழங்கு இல்லை. இன்றைய எபிரேயத்தில் இதற்கு 'லெவிவா' என்று பெயர். இந்தச் சொல் பைபிளில் வருகிறது: சாமுவேலின் இரண்டாம் நூலில், தாமார் தன் சகோதரன் அம்னோனுக்குச் செய்து கொடுக்கிற பலகாரம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'பணியாரம்'.

கிழங்கு எப்போது உள்ளே வந்தது?

இடைக்கால இத்தாலியில் ஹனுக்கா அடை பாலாடைக்கட்டியில் செய்யப்பட்டது. எதிரித் தளபதி ஹோலோஃபெர்னஸுக்கு யூதித் என்ற பெண் உப்புக் கரிக்கிற பாலாடைக்கட்டியைக் கொடுத்து, தாகத்துக்கு மதுவை ஊற்றி, மயங்கியபோது தலையை வெட்டினாள் என்ற கதை இதோடு ஒட்டிக்கொண்டது. வடக்கே, கிழக்கே போகப் போக ஆலிவ் எண்ணெய் கிடைக்காது. பக்வீட் என்ற தானியத்தின் மாவிலும் ரை மாவிலும் அடை சுட்டார்கள்.

ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டின் பின்பாதியில் உருளையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தபோது ஒருவரும் ஓடிவந்து சாப்பிடவில்லை. மண்ணுக்குள் விளைவது, பன்றிக்குப் போடுவது என்ற அலட்சியம் நீண்ட காலம் இருந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756-ல் ஆணையே போட்டு விவசாயிகளைப் பயிரிடச் சொல்ல வேண்டியிருந்தது. ரஷ்யப் பேரரசில் 1840-களில் கட்டாயமாகப் பயிரிடச் சொன்னதற்குக் கலவரமே நடந்தது. 1839, 1840 ஆண்டுகளில் தானிய விளைச்சல் பொய்த்த பிறகுதான் போலந்து, உக்ரைன் பகுதிகளில் உருளை பெரிய அளவில் வயலுக்கு வந்தது.

அந்த நிலப்பகுதியில்தான் யூதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். ரஷ்யப் பேரரசு 1791 முதல் 1917 வரை, தன் மேற்கு எல்லையோரப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் பெரும்பாலான யூதர்கள் குடியிருக்க முடியாதபடி சட்டம் வைத்திருந்தது. நெருக்கமான சின்ன ஊர்கள், கொடும் வறுமை. அங்கே உருளைதான் மலிவு, உருளைதான் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். ஞாயிறும் உருளை, திங்களும் உருளை என்று வாரத்தையே அடுக்கிக் கேலி செய்யும் ஒரு யித்திஷ் நாட்டுப்பாடலே உண்டு. தினசரிச் சாப்பாடான அதே கிழங்கைத் துருவி, கொழுப்பில் பொரித்தால் பண்டிகை.

கொழுப்பு எங்கிருந்து வந்தது என்றால், வாத்திலிருந்து. இலையுதிர் காலம் முழுக்க வாத்துகளைக் கொழுக்க வைத்து, குளிர் தொடங்கும்போது அறுத்து, கொழுப்பை உருக்கி வைப்பார்கள். ஷ்மால்ட்ஸ் என்று பெயர். ஜாடி நிறைவதும் ஹனுக்கா வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம்.

ஆக, இந்த வடிவில் லாட்கேக்கு வயது 200 வருஷம்கூட இருக்காது. இன்னொன்றும் சொல்லணும்: இது யூதர்கள் மட்டும் கண்டுபிடித்த பண்டமும் இல்லை. பெலாரஸில் திரானிகி, உக்ரைனில் தெருனி, போலந்தில் பிளாட்ஸ்கி, ஜெர்மனியில் ரைபகூகென், எல்லாம் ஏறத்தாழ இதேதான். அக்கம்பக்கத்து வீடுகளில் ஒரே கிழங்கு, ஒரே துருவி. யூத வீட்டில் அதை ஹனுக்கா பலகாரம் ஆக்கியது எந்தக் கொழுப்பில் பொரிக்கலாம், எதைத் தொட்டுக்கொள்ளலாம், எந்த இரவில் சாப்பிடணும் என்பது.

ஆப்பிளா, கிரீமா?

லாட்கே மேஜையில் நிச்சயம் ஒரு சண்டை நடக்கும். ஆப்பிளை வேகவைத்து மசித்த ஆப்பிள் சாஸா, புளிப்பேறிய சவர் கிரீமா? கேட்பதற்கு ருசிச் சண்டை மாதிரி இருக்கும். வேர், கோஷர் விதியில் இருக்கு. யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. வாத்துக் கொழுப்பு இறைச்சிக் கணக்கு. அதில் பொரித்த லாட்கேயோடு கிரீம் தொடவே முடியாது. பழம் மட்டும்தான் வழி. பால் பொருள் ஆசை இருந்தால் வெண்ணெயிலோ தாவர எண்ணெயிலோ சுட்டாக வேண்டும்.

இதில் 20-ம் நூற்றாண்டு ஒரு டப்பாவோடு நுழைந்தது. 1911-ல் அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கிரிஸ்கோவை அறிமுகம் செய்தது. பருத்திக்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கியது. நம்ம ஊர் டால்டாவுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை, எதோடும் சேரும். யூத இல்லத்தரசிகளுக்கென்றே யித்திஷிலும் ஆங்கிலத்திலும் 1933-ல் ஒரு சமையல் புத்தகமும் வெளியிட்டார்கள். எண்ணெய் நடுநிலை ஆனதும் கிரீம், ஆப்பிள் இரண்டுக்கும் கதவு திறந்தது. விதி விட்ட இடத்தில் விருப்பம் உட்கார்ந்தது. இன்றைக்கு ஒருவர் "எங்க வீட்ல ஆப்பிள்தான்" என்று அடித்துச் சொன்னால், அவருக்கே தெரியாமல் ஒரு கொள்ளுப்பாட்டியின் வாத்து ஜாடிக்காகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டி கணக்கு

1881-லிருந்து, அமெரிக்கா 1924-ல் குடியேற்றச் சட்டத்தை இறுக்கும்வரை, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அங்கே போனார்கள். லாட்கேயும் போனது. பின்னால் இருந்துவிட்டவர்களின் உலகம் அழிக்கப்பட்டது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையோர் யித்திஷ் பேசியவர்கள். ஊர் போனது, தெரு போனது, பேச்சு ஏறக்குறைய போனது. கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரிலிருந்து கையில் மிஞ்சியவை சில போட்டோக்கள், சில வசைச்சொற்கள், சில சமையல் குறிப்புகள்.

அந்தக் குறிப்புகளிலும் அளவு இருக்காது. கிழங்கு இவ்வளவு, மாவு 'எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு'. நம் பாட்டிகளின் 'கண்ணளவு'தான். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். நின்று பார்க்க ஆள் இல்லாதபோது என்ன ஆகும்?

இதற்கு ஒரு கனமான ஆவணம் இருக்கிறது. இன்றைய செக் குடியரசில் இருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்ட பெண்கள், பசியில் இருந்துகொண்டே, தங்களுக்கு நினைவில் இருந்த சமையல் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். அவர்களில் ஒருவர் மினா பெக்டர். 1944-ல் இறப்பதற்கு முன் அந்தக் கட்டை ஒரு நண்பரிடம் கொடுத்து, எப்படியாவது மகளிடம் சேர்க்கச் சொன்னார். அது பல கை மாறி நியூயார்க்கில் இருந்த மகளின் கைக்கு வர 25 வருஷம் ஆனது. 'இன் மெமரிஸ் கிச்சன்' என்ற பெயரில் 1996-ல் புத்தகமாக வந்தது. சில குறிப்புகளில் ஒரு பொருள் விட்டுப்போயிருக்கும், சிலவற்றில் ஒரு படி. அவற்றைத் திருத்தாமல் அப்படியே அச்சிட்டார்கள். ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு துருவுவதைப் போய் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், இந்தப் பின்னணி உதவும்.

எப்படிச் செய்வது?

சுமார் 20 லாட்கேக்கு: உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று, முட்டை இரண்டு, மாட்ஸா மாவு நாலு டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள், பொரிக்க எண்ணெய். மாட்ஸா என்பது புளிக்காத அப்பளம் போன்ற யூத ரொட்டி, அதைப் பொடித்ததுதான் மாட்ஸா மாவு. இங்கே கிடைக்காது, மைதா போதும்.

மொத்த வித்தையும் தண்ணீரில் இருக்கிறது. உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோவில் கிட்டத்தட்ட 800 கிராம். அந்த ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் எண்ணெயின் சூடு முழுக்க நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். லாட்கே பொரியாமல் வேகும், சொதசொதவென்று இருக்கும். அதனால் துருவினதும் மெல்லிய காட்டன் துணியில் போட்டு முறுக்கிப் பிழியணும். பழைய வேட்டித் துண்டு மாதிரி இதற்கு வேறு எதுவும் இல்லை. கை வலிக்கும்வரை பிழியுங்க, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பிழியுங்க.

பிழிந்த தண்ணீரைக் கொட்டிடாதீங்க. பாத்திரத்தில் பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். அது மாவுச்சத்து. மேல் தண்ணீரை மெதுவாக வடித்துவிட்டு, படிவைச் சுரண்டித் துருவலோடு சேர்க்கணும். பிடிப்பைத் தருவது அதுதான். முட்டை வேண்டாம் என்பவர்கள் இதோடு இரண்டு ஸ்பூன் சோளமாவு சேர்த்துப் பார்க்கலாம். கொஞ்சம் உதிரும், ஆனால் நிற்கும்.

வெங்காயத்தை உருளையோடு மாற்றி மாற்றித் துருவுவது பழைய வழக்கம். துருவிய கிழங்கு காற்றுப் பட்டுக் கருப்பதை வெங்காயச் சாறு கொஞ்சம் தள்ளிப்போடும். உப்பைக் கடைசியில் போடணும், முதலிலேயே போட்டால் மறுபடி தண்ணீர் விட ஆரம்பிக்கும். கலந்த பிறகு காத்திருக்கவும் கூடாது.

எந்தத் துருவி என்பதில் வீட்டுக்கு வீடு கட்சி மாறும். பெரிய கண் துருவியில் செய்தால் ஓரமெல்லாம் நூல் நூலாக நீட்டி மொறுமொறுவென்று வரும். சின்னக் கண்ணில் கூழ் போல அரைத்தால் வெளியே மெல்லிய ஓடு, உள்ளே மெத்து. மிக்ஸி, ஃபுட் பிராசஸர் கட்சிக்காரர்களும் உண்டு. துருவியில் விரல் முட்டி சிராய்த்து ஒரு சொட்டு ரத்தம் விழாவிட்டால் அது லாட்கேயே இல்லை என்பது அவர்களுக்கு எதிரணி சொல்லும் பழைய ஜோக். என் ஓட்டு பெரிய கண்ணுக்கு.

கனமான இரும்பு வாணலியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய். தெர்மாமீட்டர் இருந்தால் 180 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால் ஒரு துருவல் நூலைப் போடுங்க, உடனே சலசலக்கணும், புகை வரக் கூடாது. ஒரு கரண்டி கலவையை வைத்து ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனுக்கு அழுத்தி, ஓரம் நன்றாகச் சிவந்த பிறகே திருப்பணும். ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம். வாணலியை நெருக்கி நிரப்பினால் சூடு இறங்கிவிடும், எண்ணெய் குடிக்கும். எடுத்ததும் டிஷ்யூ பேப்பரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பி வலையில் தனித்தனியாக வையுங்க. அடுக்கினால் ஆவி உள்ளேயே சுற்றி நமத்துப்போகும்.

கிழங்கு விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. குளிர்பதனக் கிடங்கில் ரொம்ப நாள் இருந்த உருளையில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அது வேகும் முன்பே வெளியே கருகும். வறுவல் செய்யும்போது இனிப்புத் தட்டுகிற கிழங்கு இதற்கு ஆகாது. வீட்டிலும் ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. சிப்ஸுக்கென்றே உருவாக்கப்பட்ட குஃப்ரி சிப்சோனா ரகம் கிடைத்தால் அது நல்ல தேர்வு, தண்ணீர் குறைவு, மாவு அதிகம்.

அடுப்பின் முன்னால் நிற்பது யார்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கூடும் குடும்பம், ஆளுக்கு நாலு லாட்கே, மொத்தம் 40. வாணலியில் ஒரு ஈடுக்கு ஐந்து. எட்டு ஈடு, ஈடுக்கு எட்டு நிமிஷம், மொத்தம் 64 நிமிஷம். லாட்கே ஆறினால் பாதி ருசி போச்சு. அதனால் மேஜையில் இருப்பவர்கள் சுடச்சுடச் சாப்பிட, ஒருவர் மட்டும் எண்ணெய்ப் புகையில் நின்றுகொண்டே இருப்பார். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் அம்மாவோ பாட்டியோ. தோசை வார்க்கும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் ஒரு முரண் இருக்கு. ஹனுக்கா மெழுகுவர்த்தி எரியும் நேரத்தில், குறைந்தது அரை மணி நேரமாவது, பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று ஒரு பழைய வழக்கம் யூதச் சட்ட நூல்களில் பதிவாகியிருக்கிறது. யூதித் போன்ற பெண்களின் பங்கை மதிக்கும் வழக்கம் என்று காரணம் சொல்வார்கள். துணி துவைப்பது, தைப்பது எல்லாம் அதில் அடங்கும். சமையல்? 'அது அடங்காது' என்று பல விளக்கவுரைகள் வசதியாகச் சொல்லிவிட்டன! 64 நிமிஷக் கணக்கு அப்படியே நிற்கிறது. இப்போது நிறையக் குடும்பங்கள் இதற்கு வழி பண்ணியிருக்கின்றன: இரண்டு வாணலி, ஈடுக்கு ஓர் ஆள் மாறுவது; அல்லது மாலையே சுட்டு, பரிமாறும் முன் அவனில் கம்பி வலையில் வைத்து மறுபடி மொறுமொறுப்பாக்குவது. கடைசியில் சொன்னது ருசியில் ஒரு படி கீழே. ஆனால் எல்லாரும் ஒன்றாக உட்காரலாம்.

பிள்ளைகளுக்கு அந்த நேரம் விளையாட்டு. டிரைடல் என்ற நாலு முக பம்பரம், சாக்லேட் காசு. உருளை துருவக் கூப்பிட்டால் வருவார்கள், வெங்காயம் துருவக் கூப்பிட்டால் ஓடிவிடுவார்கள்.

அழைப்பு வந்தால்

யூத நண்பர் வீட்டுக்கு லாட்கே சாப்பிட அழைப்பு வந்தால் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: வீடு கோஷரா? கோஷர் என்றால் நீங்கள் சமைத்ததை உங்கள் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டாம், அவர்களால் அதை மேஜையில் வைக்க முடியாது. வெட்டாத பழம், பூ, கோஷர் முத்திரை உள்ள பாக்கெட் இனிப்பு பாதுகாப்பானவை. கோஷர் பார்க்காத வீடுகளும் ஏராளம். முட்டை சாப்பிடாதவர் என்றால் முன்பே சொல்லிடுங்க, லாட்கேயில் முட்டை வெளியே தெரியாது. எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்பதும் தப்பில்லை, அந்த மேஜையில் அது சகஜமான கேள்வி. காசா பற்றி, இஸ்ரேல் அரசு பற்றி உங்களுக்குக் கேள்விகள் இருக்கலாம். ஆனால் உங்கள் சக ஊழியர் அந்த அரசின் செய்தித் தொடர்பாளர் கிடையாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1946-லிருந்து ஒரு விவாதம் நடந்துவருகிறது: லாட்கே சிறந்ததா, பூரிம் பண்டிகைக்குச் செய்யும் முக்கோணப் பலகாரமான ஹமன்டாஷ் சிறந்ததா? பேராசிரியர்கள் அங்கி மாட்டிக்கொண்டு, தங்கள் துறையின் கருவிகளை வைத்து சீரியஸாக வாதாடுவார்கள். விருந்தில் பேச்சு நின்றுபோனால் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

தேதி பார்ப்பதில் கவனம். யூத நாட்காட்டி சந்திர மாதங்களில் ஓடும். 12 மாதத்துக்கு சுமார் 354 நாள்தான். பருவம் நழுவாமல் இருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். அதனால் ஹனுக்கா நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிவரை எங்கு வேண்டுமானாலும் வரும். 2013-ல் நவம்பர் 27 மாலை ஆரம்பித்தது, 2024-ல் டிசம்பர் 25 மாலை, 2025-ல் டிசம்பர் 14 மாலை. 2026-ல் முதல் மெழுகுவர்த்தி டிசம்பர் 4, எட்டாவது டிசம்பர் 11. இரண்டுமே வெள்ளிக்கிழமை. வெள்ளி சூரியன் மறைந்தால் ஷபாத் தொடங்கிவிடும், விதியைக் கடைப்பிடிக்கும் வீட்டில் அதன்பின் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளும் மெழுகுவர்த்தியும் சூரியன் மறைவதற்கு முன்பே ஏற்றியாகணும், 40 லாட்கேயும் அதற்கு முன்பே சுட்டு முடிந்திருக்கணும். டிசம்பரில் நியூயார்க்கில் சூரியன் நாலரை மணிக்கே மறைந்துவிடும். உங்கள் சக ஊழியர் அன்றைக்கு மதியமே லாக் அவுட் செய்தால் ஆச்சரியப்படாதீங்க.